வரி எல்லோரும் கட்டுகிறோம், பட்டாளத்துக்கு யார் போகிறார்கள்?

1947 நவம்பர் 26ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான திட்டம் அது. மொத்தச் செலவு 197 கோடியே 39 லட்சம் ரூபாய். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92 கோடியே 74 லட்சம். பிரிவினையின் ரணம் ஆறாத, காஷ்மீரில் சண்டை மூண்டிருந்த நேரம் என்பதால் ஏறக்குறையப் பாதிப் பணம் படைக்குப் போனதில் வியப்பில்லை. இன்று அந்த விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் தொகை பெரியது. 2025-26இல் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி. இந்தப் பணத்தில் திருப்பூர் பனியன் கம்பெனியின் பங்கு இருக்கிறது, பீளமேட்டுப் பம்ப்செட் பட்டறையின் பங்கு இருக்கிறது, உடுமலையில் சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியின் பங்கும் இருக்கிறது. வரி வாங்கும்போது உனக்கு விருப்பமா என்று அரசு யாரையும் கேட்பதில்லை. படைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் கேட்கிறது. விருப்பம் உள்ளவர் வரிசையில் நிற்கிறார், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். கொங்கு நாட்டில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கிறோம்.

யாரையும் வற்புறுத்திச் சேர்க்காத படை என்பது இந்தியாவின் பழைய மரபு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த சுமார் 25 லட்சம் பேரும் தாமாகக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவர்கள். உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய தன்னார்வப் படை என்று அதைச் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நான்கு பெரிய போர்கள் வந்தபோதும் கட்டாய ராணுவ சேவை வரவில்லை. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கொத்தடிமை முறையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு, அதன் இரண்டாவது உட்பிரிவில், பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாய சேவை கேட்கலாம் என்று அனுமதிக்கிறது. அப்படிக் கேட்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. நாட்டைக் காப்பதும் அழைத்தால் தேச சேவைக்கு வருவதும் குடிமகனின் கடமை என்று 51ஏ பிரிவு சொல்கிறது. கதவு இருக்கிறது, எந்த அரசும் அதைத் திறக்கவில்லை. திறக்காமல் விட்டது சரி என்பதே என் கட்சி. ஆனால் தன்னார்வப் படைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொங்கு நாடு போன்ற வசதியான பகுதிகள் உணராமலே இருந்துவிட முடிகிறது. அதைக் கட்டாயத்தால் சரிசெய்ய முடியாது. வேறு ஒரு பழைய வழி இருக்கிறது, அதை நாம் பாதியில் கைவிட்டுவிட்டோம்.

விருப்பம் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888இல். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின, மில்களுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து பவுண்டரியும் மோட்டாரும் பம்ப்செட்டும் வந்தன. இன்று பிளஸ் டூ முடித்த ஒரு கொங்குப் பையனுக்கு முன்னால் ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. சிஎன்சி இயந்திரமும் விசைத்தறியும் இருக்கின்றன. நாமக்கல் லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, பல்லடத்துக் கோழிப்பண்ணை என்று வழிகள் நீள்கின்றன. பட்டாளம் அந்தப் பட்டியலில் கடைசிப் பக்கம். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு. கொங்கில் அப்படி ஓர் ஊரைச் சொல்லுங்கள் என்றால் யாருக்கும் சட்டென்று வாயில் வராது. இங்கிருந்து போய்ப் பணியாற்றியவர்களையும் உயிர் கொடுத்தவர்களையும் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் மில் இருந்தால் பையன் மில்லுக்குப் போவான் என்ற எளிய உண்மையைத்தான் சொல்கிறேன். அதே உண்மையின் மறுபக்கம் தன்பாத்–ஆலப்புழை விரைவு வண்டியில் திருப்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறது. 2022 ஜூன் 14 அன்று சிப்பாய்களை நான்கு ஆண்டுக்கு மட்டும் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்ததும் பீகாரில் ரயில்கள் எரிந்தன. கொங்கில் அன்றாட வாழ்க்கை அசையவில்லை. ஊரில் தொழில் இல்லாத பீகார் இளைஞனுக்கு இரண்டு வழிதான் தெரிந்திருந்தது: விடியற்காலையில் ஓடிப் பழகி ஆட்சேர்ப்பு முகாமுக்குப் போவது, அல்லது ரயிலேறி நம் ஊர் பனியன் கம்பெனிக்கு வருவது. முதல் வழி நான்கு ஆண்டாகச் சுருங்கியபோது அவன் கொதித்தான். அந்தக் கொதிப்பு நமக்குப் புரியாமல் போனதற்குக் காரணம், நம் பையன்கள் அந்த வரிசையில் இல்லை என்பதே.

சில பகுதிகளிலிருந்து மட்டும் ஏன் ஆள் போகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய பதில் இருந்தது: சில இனங்களுக்குப் போர்க்குணம் உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது என்பது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், நீண்ட அமைதியால் தென்னாட்டுச் சிப்பாய்கள் மழுங்கிவிட்டார்கள் என்று நம்பினார். பின்னர் இந்தியாவின் தலைமைத் தளபதியானபோது அந்த நம்பிக்கையைக் கொள்கையாக்கினார். 1758இல் தோன்றிய மெட்ராஸ் ரெஜிமென்ட் மரபின் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் இறுதியில் ஏறக்குறைய மறைந்தே போயின. பிறகு உலகப் போர் வந்தது, ஆள் தேவைப்பட்டது, மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரை அனுப்பியது சென்னை மாகாணம்தான். பதினைந்து ஆண்டுகளில் யாருடைய ரத்தமும் மாறிவிடாது. கதவு திறந்தது, வீட்டில் தேவை இருந்தது, ஆள் போனார்கள், அவ்வளவுதான். அந்த ரெஜிமென்டின் மையம் இன்று வெலிங்டனில், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே கொங்கின் விலகலுக்கு இனமும் காரணமில்லை, தூரமும் காரணமில்லை. கையில் வேலை இருக்கும் ஊரிலிருந்து தன்னார்வப் படைக்கு ஆள் குறைவாகவே போவார்கள். உலகில் எங்கும் அப்படித்தான்.

ஆள் போகாவிட்டாலும் ராணுவம் நம் நடுவில்தான் இருக்கிறது. கோவை ரெட் ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரி, கடற்படையின் ஐஎன்எஸ் அக்ரணி, 110ஆவது பிராந்திய ராணுவப் படைப்பிரிவு மூன்றும் இருக்கின்றன. சூலூரில் தேஜஸ் விமானங்கள் பறக்கின்றன. அதே சூலூரில் 1942 ஆகஸ்டில் நடந்ததை மறக்கக் கூடாது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது அங்கே ராணுவத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஏரோட்ரோமை மக்கள் தீவைத்து எரித்தார்கள்; சிங்காநல்லூர்ப் பக்கம் ராணுவத் தளவாடம் ஏற்றிய ரயிலைக் கவிழ்த்தார்கள். அது தங்கள் படை இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்டவர்கள் அதில் இறந்தார்கள். முதலில் ஓடிவந்தவர்கள் அந்தக் குடியிருப்பின் ஏழை மக்கள். தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு நெருப்பை நோக்கிப் போனார்கள். மறுநாள் உடல்கள் சூலூர் திரும்பிய வழியெல்லாம் ஆம்புலன்ஸ்கள் மேல் ஜனங்கள் பூ எறிந்தார்கள். எரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பூ எறிகிற அளவுக்கு இந்த உறவு மாறியிருப்பது சுதந்திர இந்தியாவின் உண்மையான சாதனைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் பூ எறிந்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்? ஒரு சிப்பாய் எத்தனை வயதில் ஓய்வு பெறுகிறார், காயம்பட்டுத் திரும்பியவருக்கு என்ன கிடைக்கும், இறந்தவரின் மனைவி எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்துக்கு அலைய வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? மரியாதை நிறைய இருக்கிறது, பரிச்சயம் இல்லை. படத்தில் பார்த்த ராணுவத்தைத்தான் நாம் நேசிக்கிறோம்.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். முதலில் கெடுவது தீர்மானம். போருக்குப் போகலாமா, எத்தனை ஆண்டு சேவை, எவ்வளவு ஓய்வூதியம் என்பதையெல்லாம் மக்களாட்சியில் வாக்காளர்தான் கடைசியில் தீர்மானிக்கிறார். தன் வீட்டில் யாரும் எல்லையில் நிற்காத வாக்காளருக்குப் போர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிவிடுகிறது. ‘அடி’ என்று அவர் கத்துவது எளிது, ஏனென்றால் அடி அவர் வீட்டில் விழாது. அதே அக்கறையின்மை சிப்பாயின் நலனிலும் தெரிகிறது: அவருக்காகக் கைதட்டுவோம், அவருடைய ஓய்வூதியக் கணக்கைப் படிக்க மாட்டோம். விலகல் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நமக்கு மிக அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கை ராணுவமும் தன்னார்வப் படைதான், யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்த்ததில்லை. ஆனால் ஏறக்குறைய முழுக்கச் சிங்களரைக் கொண்ட படையாக அது ஆனபோது, நாட்டின் ஒரு பகுதி மக்களுக்கு அது அயல்நாட்டுப் படை போலவே தெரிந்தது. பவானிசாகர் முகாமிலும் கோவை பூலுவப்பட்டி முகாமிலும் வாழ்கிற ஈழத்தமிழரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. தானாக வந்து சேர்ந்தவர்கள் என்பதாலேயே ஒரு படை மக்கள் படையாகிவிடாது.

அப்படியானால் எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்துவிடுங்கள், பணக்காரன் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் ஒரே கொட்டகையில் படுக்கட்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. டீக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்கள் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வருகிறது. அதன் பின்னால் இருக்கிற சமத்துவ ஆசையை மதிக்கிறேன். ஆனால் கணக்கு இடிக்கிறது. இந்திய முப்படைகளின் மொத்த பலம் சுமார் 14 லட்சம். நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்பிள்ளைகள் 18 வயதை எட்டுகிறார்கள். ஆளுக்கு இரண்டு ஆண்டு என்று வைத்தால் இரண்டு கோடிப் பேருக்குச் சோறும் சீருடையும் துப்பாக்கியும் பயிற்சியாளரும் வேண்டும். அது நடக்காது. ஆகவே சிலரை எடுத்துப் பலரை விட வேண்டியிருக்கும். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று வந்தவுடன் சமத்துவம் பின்வாசல் வழியாக ஓடிவிடும். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவில் நடந்தது அதுதான். கல்லூரியில் படிப்பவனுக்கு ஒத்திவைப்பு உண்டு. கல்லூரிக்குப் போக முடியாதவன் போர்முனைக்குப் போனான். 1969 டிசம்பரில் குலுக்கல் முறை கொண்டுவந்து பார்த்தார்கள். 1973இல் கட்டாய சேவையையே விட்டார்கள். பரிந்துரைக் கடிதமும் மருத்துவச் சான்றிதழும் எப்படிக் கிடைக்கும் என்று தெரிந்த நம் நாட்டில் யார் பிள்ளை விடுபடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரைக் காட்டுவார்கள். நியாயமான உதாரணம். 1967 முதல் அங்கே தேசிய சேவை கட்டாயம், குடிமக்களின் ஆண்பிள்ளைகளும் நிரந்தரவாசிகளின் ஆண்பிள்ளைகளும் இரண்டு ஆண்டு போயாக வேண்டும், அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் மறுபயிற்சி உண்டு. நம் ஊரிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் சீனர், மலாய்க்காரரோடு சேர்ந்து தெக்கோங் தீவில் பயிற்சி பெறுகிறார்கள். அது அந்தச் சமூகத்தைக் கட்டியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு நகரம். பெரும்பாலோரை உண்மையாகவே எடுத்துக்கொள்ள முடிகிற அளவு. அங்கேயும் முதல் பத்தாண்டு அளவுக்கு மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் அழைக்காமலே விட்டார்கள். அரசுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை என்பதை அந்த அழைக்காமை ஊருக்கே சொன்னது; சேவைச் சான்று கேட்ட வேலைகளும் அவர்களுக்கு எட்டாமல் போயின. எல்லோருக்கும் கட்டாயம் என்ற சட்டத்திலேயே ஒரு சமூகத்தை வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டிலேயே ஒரு சிறு சோதனை நடந்தது, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்சிசி கட்டாயமாக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்திப் போர்முனைக்குப் போக வேண்டியதில்லை, அணிவகுப்பும் முகாமும்தான். விருப்பமில்லாத ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அது பாடவேளை போல ஒரு சுமையானது. பயிற்றுவிக்கப் போதிய அதிகாரிகளும் இல்லை. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல்: கட்டளைகள் இந்தியில். 1965இல் மொழிப் போராட்டத்தில் வீதிக்கு வந்த அதே மாணவர்கள்தான் மைதானத்தில் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற குரலுக்குக் காலை மாற்ற வேண்டியிருந்தது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணாதுரை அரசு சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, என்சிசியில் இந்திக் கட்டளைச் சொற்களை நீக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தது. அதே 1968இல் நாடு முழுவதும் என்சிசி மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயம் போன பிறகுதான் அது மதிப்பான அமைப்பாக வளர்ந்தது. இன்று கோவைக் கல்லூரிகளில் அந்தச் சீருடைக்குப் பிள்ளைகள், பெண்பிள்ளைகளும் சேர்த்து, போட்டி போடுகிறார்கள். சமூகத்தின் சம்மதம் இல்லாத இடத்தில் கட்டாயம் உறவை வளர்ப்பதில்லை, பகையை வளர்க்கிறது. இதன் மிகக் கொடிய வடிவத்தையும் தமிழர் பார்த்திருக்கிறார்கள். இலங்கைப் போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகள் கட்டாயமாக ஆளெடுத்தார்கள், சிறுவர்களையும் எடுத்தார்கள். மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு அதை ஆவணப்படுத்தியிருக்கிறது. தங்கள் மக்களுக்காகவே போராடுவதாகச் சொன்ன இயக்கத்திடமிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்துவைக்க நேர்ந்தது.

இன்னொரு மறுப்பு நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது: ராணுவம் சமூகத்திலிருந்து விலகியிருப்பதே நல்லது, அதனால்தான் அது அரசியலில் தலையிடாமல் இருக்கிறது என்பது. இதில் பாதி உண்மை. சாதி, கட்சி, ஊர்ப்பகை எதுவும் கன்டோன்மென்ட் சுவரைத் தாண்டாமல் இருந்தது இந்தியாவுக்குப் பெரும் நன்மை. அண்டை நாடுகளைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ஆனால் கட்சி அரசியலிலிருந்து விலகுவது வேறு, மக்களின் பரிச்சயத்திலிருந்து விலகுவது வேறு. 1965 பிப்ரவரி 12 அன்று மொழிப் போராட்டத்தின்போது பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின; நகருக்குள் ராணுவமும் வந்தது. அந்த நினைவு அங்கே தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. உள்நாட்டுக் கலவரத்துக்கு ராணுவத்தை அழைக்கும்போது அதன் அந்நியத்தன்மையை நடுநிலை என்கிறோம். அதே அந்நியத்தன்மைதான் எதிரே நிற்கும் கூட்டத்தை மாணவர்களாகப் பார்க்கவிடாமல் வெறும் கூட்டமாகக் காட்டவும் கூடும். எதிரே நிற்பவர்களைக் கொஞ்சமாவது தெரிந்த படையால் அரசியலுக்கு ஆபத்து வந்துவிடாது.

தெரிந்துகொள்ளும் வழியை இந்தக் குடியரசு பிறக்கும் முன்பே யோசித்துவைத்தார்கள். 1948இல் பிராந்திய ராணுவச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அந்தப் படையைத் தொடங்கிவைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அதன் எண்ணம் எளிமையானது. ஒருவர் தன் தொழிலைச் செய்துகொண்டே ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் பயிற்சிக்குப் போவார். போரோ புயலோ வெள்ளமோ வந்தால் அழைப்பு வரும். முடிந்ததும் தொழிலுக்குத் திரும்புவார். திரும்புகிறவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளும் கடமையை அந்தச் சட்டம் முதலாளிமேல் வைத்திருக்கிறது. மில் ஃபிட்டரும் பள்ளி ஆசிரியரும் வக்கீலும் ஒரே அணியில் நிற்பார்கள், திரும்பிவந்து மில்லிலும் பள்ளியிலும் கோர்ட்டிலும் ராணுவத்தைப் பற்றித் தெரிந்து பேசுவார்கள். கட்டாயமும் இல்லை, முழுநேரப் பிழைப்பும் இல்லை. கொங்கு போன்ற வேலைவாய்ப்புள்ள பகுதிக்கென்றே செய்தது போன்ற அமைப்பு. 15, 20 ஆண்டு பட்டாளத்தில் கழிக்க விரும்பாத இளைஞர் ஆண்டுக்கு இரண்டு மாதம் கொடுக்கத் தயங்க மாட்டார்.

ஆனால் அந்த எண்ணம் நடைமுறையில் திரிந்துவிட்டது. காஷ்மீரிலும் வடகிழக்கிலும் ஆள் தேவை ஓயாததால் பிராந்திய ராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகள் பல ஆண்டுக்கணக்கில் தொடர் பணியில் வைக்கப்படுகின்றன. அதில் சேரும் சிப்பாய்க்கு அது பகுதிநேரச் சேவையாக இல்லை. குறைந்த உறுதியுள்ள முழுநேர வேலையாகிவிட்டது. ஆகவே வரிசையில் நிற்பதும் பழையபடி வேலை தேடுகிறவர்கள்தான். 2024 நவம்பரில் கோவைக் காவலர் பயிற்சிப் பள்ளி மைதானத்தில் பிராந்திய ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது பல மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கோவை மண்ணில் நிற்கிற 110ஆவது பிரிவை, கோவையின் தொழிலாளியும் பொறியாளரும் தங்களுடையதாக உணரும்படி எந்த ஏற்பாடும் இல்லை. இதைத்தான் பாதியில் கைவிட்ட வழி என்றேன். எல்லைக் காவலுக்கு வழக்கமான படையை வைத்துக்கொண்டு, பிராந்திய ராணுவத்தில் ஒரு பகுதியையாவது ராஜாஜி காலத்து எண்ணப்படி, உண்மையான இரண்டு மாதச் சேவையாக, அந்தந்த ஊர்த் தொழிலாளரைக் கொண்டு நடத்த வேண்டும். இணையப் பாதுகாப்பு, ட்ரோன் பழுதுபார்ப்பு, மருத்துவம், பேரிடர் மீட்பு ஆகியவற்றில் ஊர்த் திறமை முழுநேரப் படைக்கு இல்லாத பலத்தைத் தரும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இடம்பெற்று, வாரப்பட்டியில் தொழிற்பூங்காவும் பேசப்படுகிறது. ராணுவத்துக்குப் பொருள் விற்கத் துடிக்கிற ஊர், அதை உபயோகிக்கத் தெரிந்த ஆட்களையும் கொடுக்கலாம்.

அக்னிபத் தானாகவே இந்தப் பாலத்தைக் கட்டிவிடும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் படை வைத்துக்கொள்ளும், மற்ற 75 பேர் சேவாநிதியாகச் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயோடு ஊர் திரும்புவார்கள், ஒழுக்கமும் பயிற்சியும் சமூகத்தில் பரவும் என்பது அவர்கள் கணக்கு. முதல் அணிகள் 2026 இறுதியிலிருந்து வெளியே வரத் தொடங்கும். திரும்புகிறவர்கள் பாலமா, மனக்கசப்பா என்பதை ராணுவம் தீர்மானிக்கப் போவதில்லை, வரவேற்கிற ஊர்தான் தீர்மானிக்கும். இன்று முன்னாள் ராணுவத்தினரை நம் ஊர் எங்கே வைத்திருக்கிறது? மில் கேட்டில், ஏடிஎம் வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால். 1986இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது, அது நல்ல காரியம். ஆனால் அதில் பெரும்பகுதி காவல் வேலை. சிக்னல்ஸில் தகவல் தொடர்புக் கருவிகளைப் பராமரித்தவரும், டாங்கி இன்ஜினைக் கழற்றிப் பூட்டியவரும் கேட்டில் சலாம் வைத்து நிற்கிறார்கள், உள்ளே மெயின்டனன்ஸ் பிரிவில் ஆள் இல்லை என்று முதலாளி புலம்புகிறார். இருபதுகளிலேயே திரும்பப் போகிற அக்னி வீரரையும் அதே கேட்டில் நிறுத்தினால், பட்டாளத்துக்குப் போனால் கடைசியில் வாட்ச்மேன்தான் என்ற பேச்சு ஊரில் உறுதிப்படும்.

தொழில் நடத்துகிறவர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் தேர்ந்த ஆளை இரண்டு மாதம் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு யாரை வைத்து வேலை வாங்குவது? பெரிய ஆலைக்குச் சமாளிக்க முடியும். பத்துப் பேர் வேலை செய்யும் குறுந்தொழில் பட்டறைக்கு ஒரு டர்னர் போனால் உற்பத்தியே நிற்கும். அந்தச் சுமையைத் தனித்தனிப் பட்டறையின் தலையில் கட்டக் கூடாது. பயிற்சிக் காலச் சம்பளத்தை அரசு கொடுக்க வேண்டும், பதிலாளுக்கான செலவில் ஒரு பங்கையும் ஏற்க வேண்டும். சைமா, கொடிசியா, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் போன்ற அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களிடையே ஆள் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். பயிற்சியை ஆர்டர் குறைந்த மாதங்களில் வைக்கும்படி படைப்பிரிவோடு பேசலாம். ஆள் இல்லாத நாட்களைச் சமாளிப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்மாவட்டத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும்போதும், ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ரயிலேறும்போதும், பாதி இயந்திரங்கள் நின்று போகும் என்று தெரிந்தே திருப்பூர் ஆண்டுதோறும் தன் டெலிவரித் தேதிகளைக் குறிக்கிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு ஒருவரை ரெட் ஃபீல்ட்ஸுக்கு அனுப்பிவைப்பது முடியாத காரியம் ஆகாது.